ரத்தத்தில் கொழுப்பு சரி, கண்ணில் மட்டும் எப்படி?

கண் டாக்டர் பதில்கள்

கேள்வி: எனக்கு வயது 63. தபால்துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கண்ணாடி மாற்றப் போனபோது விழித்திரையை ஸ்கேன் எடுத்தார்கள். விழித்திரையின் நடுப்பகுதியான மாகுலாவில் சில மஞ்சள் புள்ளிகள் இருக்கின்றன, அதற்கு ட்ரூசன் என்று பெயர், அதில் கொலஸ்ட்ரால் படிந்திருக்கிறது என்றார்கள். போன மாத ரத்தப் பரிசோதனையில் என் எல்.டி.எல். (கெட்ட கொழுப்பு) 92 தான். ஐந்து வருடமாகக் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேடின் மாத்திரை சாப்பிடுகிறேன். முட்டையின் மஞ்சள் கருவைத் தொட்டே இரண்டு வருடம் ஆகிறது. பிறகு இது எங்கிருந்து வந்தது? கண்ணுக்குக் கொழுப்பு தேவை, மாத்திரையை நிறுத்து என்கிறான் என் தம்பி. நிறுத்தலாமா?
- வாசகர், கும்பகோணம்

பதில்: நிறுத்தாதீர்கள் அய்யா. அந்த மாத்திரை உங்கள் இதயத்துக்கும் மூளைக்கும் போகும் ரத்தக்குழாய்களுக்காகக் கொடுக்கப்பட்டது. கண்ணைக் காரணம் காட்டி அதை விட வேண்டாம்.

இனி உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். இதே கேள்வியை என் அம்மா என்னிடம் கேட்டார். அவருக்கும் மாகுலாவில் புள்ளிகள் இருந்தன. தேங்காய்ச் சட்னியைக்கூட ஒதுக்கி வைத்திருந்தார். "வயசானா வரும்மா" என்று சொல்லிவிட்டு நான் அடுத்த நோயாளியைப் பார்க்கப் போய்விட்டேன். அவர் கேட்டதற்கு அது பதிலே இல்லை. அது இன்றும் எனக்கு உறுத்துகிறது. அதனால் உங்களுக்குக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நம் உடம்பின் ஒவ்வொரு செல்லின் சவ்விலும் கொலஸ்ட்ரால் உண்டு, விழித்திரையிலும் அப்படித்தான். ஆனால் அங்கே சொந்தக் கிணறு இருக்கிறது. எலிகளின் விழித்திரையை அளந்து பார்த்ததில், அதற்கு வரும் கொலஸ்ட்ராலில் ஏறக்குறைய முக்கால் பங்கை விழித்திரையே தயாரித்துக்கொள்வது தெரிந்தது. மீதிதான் ரத்தத்திலிருந்து வருகிறது. அதுவும் தானாகக் கசிந்து வருவதில்லை. விழித்திரைக்குப் பின்னால் நெருக்கமாக அடுக்கப்பட்ட நிறமிச் செல்கள் ஒரு வரிசையாக நிற்கின்றன. அவை தங்கள் ஏற்பிகளால் எல்.டி.எல். துகள்களைப் பிடித்து, வேண்டியதை உள்ளே எடுத்துக்கொள்கின்றன.

எவ்வளவு தயாரிப்பது என்று செல்லுக்கு எப்படித் தெரியும்? செல்லுக்குள் கொலஸ்ட்ரால் குறைந்தால் ஒரு புரதம் உட்கருவுக்குப் போய், தயாரிக்கும் மரபணுக்களையும் எல்.டி.எல். ஏற்பியின் மரபணுவையும் முடுக்கிவிடும். போதுமான அளவு சேர்ந்ததும் அந்தப் புரதம் இருந்த இடத்திலேயே நின்றுவிடும். எல்.டி.எல். ஏற்பியைக் கண்டுபிடித்து, செல் கொலஸ்ட்ராலை எப்படிக் கட்டுப்படுத்துகிறது என்று காட்டியதற்காக பிரவுன், கோல்ட்ஸ்டீன் இருவருக்கும் 1985-ல் நோபல் பரிசு கிடைத்தது. ஸ்டேடின் மாத்திரை தடுப்பது, இந்தத் தயாரிப்பு வரிசையில் வரும் ஒரு நொதியைத்தான்.

தயாரிப்பதைவிட வெளியேற்றுவதுதான் கஷ்டம். சர்க்கரையை எரிப்பது மாதிரி கொலஸ்ட்ராலை எரித்துத் தீர்க்க எந்தச் செல்லாலும் முடியாது. அதனால் விழித்திரை இரண்டு வழி வைத்திருக்கிறது. ஒன்று, சி.ஒய்.பி.46ஏ1, சி.ஒய்.பி.27ஏ1 என்ற நொதிகள் அதில் கொஞ்சம் ஆக்சிஜனைச் சேர்த்துவிடும். அப்புறம் அது செல் சவ்வுகளைச் சுலபமாகத் தாண்டி ரத்தத்தில் கலந்து, கல்லீரலுக்குப் போய்ப் பித்தமாகிவிடும். கிளீவ்லாந்தில் இருக்கும் கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகத்தில் இரினா பிகுலேவாவின் குழு இதைப் பல வருடங்களாக ஆராய்ந்து வருகிறது. இன்னொரு வழி, அபோ-ஈ போன்ற புரதங்களோடு சேர்த்துக் கட்டி அனுப்புவது.

உங்கள் புள்ளிகள் இந்த இரண்டாவது வழியை ஒட்டி வருபவை. ஒளியை உணரும் செல்கள் தினமும் தங்கள் நுனியில் சுமார் பத்தில் ஒரு பங்கை உதிர்க்கின்றன. அதை முழுவதும் விழுங்கிச் செரிப்பது அந்த நிறமிச் செல்கள்தான். ஒவ்வொரு நிறமிச் செல்லும் பல பத்து ஒளியுணர் செல்களை ஆயுள் முழுக்கக் கவனிக்கிறது, அதற்கு மாற்று ஆள் கிடையாது. அவ்வளவு உழைப்பை நினைத்தால் இன்றும் எனக்கு மலைப்பாக இருக்கிறது. இப்படி உதிர்ந்ததிலிருந்தும் ரத்தத்திலிருந்து எடுத்ததிலிருந்தும் மிஞ்சிய கொழுப்பை நிறமிச் செல்கள் சிறு உருண்டைகளாகக் கட்டி, பின்னாலிருக்கும் புரூக் சவ்வு வழியாக ரத்தக்குழாய்ப் பக்கம் அனுப்பிவிடுகின்றன.

நீங்கள் தபால்துறைக்காரர், இது உங்களுக்குச் சட்டென்று புரியும். பார்சலைச் சரியாகக் கட்டி அனுப்பிவிட்டார்கள், வழியிலிருக்கும் கேட் அடைத்துக்கொண்டது. வயதாக ஆக புரூக் சவ்வு தடிக்கிறது, உருண்டைகள் அங்கேயே தேங்குகின்றன. அலபாமா பல்கலைக்கழகத்தின் பர்மிங்காம் வளாகத்தில் கிறிஸ்டின் கர்சியோ, தானமாகக் கிடைத்த கண்களில் இந்தத் தேக்கத்தை விரிவாகக் காட்டியிருக்கிறார். ட்ரூசன் உருவாவதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. ஆக, உங்கள் 92 பொய்யில்லை, புள்ளியும் பொய்யில்லை. அந்த எண், அடைத்துக்கொண்ட இந்தக் கேட் பற்றி ஒன்றும் சொல்லாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அபோ-ஈ4 என்ற மரபணு வகை உள்ளவர்களுக்கு எல்.டி.எல். கூடுதலாக இருக்கும், அல்சைமர் வரும் வாய்ப்பும் அதிகம். ஆனால் இந்தப் புள்ளிகளில் தொடங்கி நடுப்பார்வையைக் கெடுக்கும் மாகுலா தேய்வு அவர்களுக்குக் குறைவாகவே வருகிறது. 'நல்ல கொழுப்பு' என்று நாம் சொல்லும் எச்.டி.எல். அதிகம் உள்ளவர்களுக்கோ மாகுலா தேய்வு சற்றுக் கூடுதலாகக் காணப்படுகிறது. இதயத்துக்குப் போட்ட கணக்கு கண்ணுக்கு அப்படியே பொருந்தாது.

ஸ்டேடின் இந்தப் புள்ளிகளைக் கரைக்குமா? 2016-ல் வந்த ஒரு சிறிய ஆய்வில், 80 மி.கி. அடோர்வாஸ்டேடின் சாப்பிட்ட 23 பேரில் 10 பேருக்குப் புள்ளிகள் குறைந்தன. ஒப்பிட்டுப் பார்க்க மாத்திரை சாப்பிடாத குழு அதில் இல்லை. அதை நம்பி நீங்களாக அளவைக் கூட்டாதீர்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். புள்ளிகள் சிறியவையா பெரியவையா என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். பெரிய புள்ளிகள் இருந்தால்தான் லூட்டின் (கீரையில் இருக்கும் ஒரு சத்து), துத்தநாகம் சேர்ந்த மாத்திரைகளால் பயன் உண்டு. புகைப் பழக்கம் இருந்தால் இன்றே விடுங்கள், மாகுலாவுக்கு அதைவிடப் பெரிய எதிரியை நான் பார்த்ததில்லை. முருங்கைக்கீரை, பொன்னாங்கண்ணி நிறையச் சேருங்கள். மஞ்சள் கருவிலும் உடம்பில் நன்றாகச் சேரும் லூட்டின் இருக்கிறது. வாரம் இரண்டு மூன்று சாப்பிடலாமா என்று உங்கள் இதய மருத்துவரிடம் கேட்டுப் பாருங்கள். வாரம் ஒருநாள் கண்ணாடி போட்டுக்கொண்டு, ஒரு கண்ணை மூடி, கட்டம் போட்ட நோட்டுத் தாளின் நடுவில் பாருங்கள். பிறகு மற்ற கண். கோடு வளைந்தோ நெளிந்தோ தெரிந்தால் அந்த வாரமே விழித்திரை மருத்துவரிடம் போய்விடுங்கள். மாகுலாவுக்கு அடியில் ரத்தக்குழாய் முளைத்துக் கசியும் ஈர வகை மாகுலா தேய்வுக்குக் கண்ணுக்குள் போடும் ஊசி, சீக்கிரம் தொடங்கினால்தான் பார்வையைக் காப்பாற்றும்.

கேள்வி: என் மனைவியின் இமை ஓரத்தில் மஞ்சளாகத் தடித்திருக்கிறது. இதுவும் அந்த ட்ரூசன் தானா?
- வாசகர், சிவகாசி

பதில்: இல்லை. அது தோலில் படிவது, பார்வையைக் கெடுக்காது. இப்படி வருபவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு ரத்தக் கொழுப்பு சரியாகவே இருக்கும். ஆனாலும் மாரடைப்பு வரும் வாய்ப்பு அவர்களுக்குச் சற்றுக் கூடுதல். அதனால் ரத்தக் கொழுப்பு, சர்க்கரை, ரத்த அழுத்தம் மூன்றையும் இந்த மாதமே பார்த்துவிடுங்கள். அப்புறம் அழகுக்காக எடுப்பதைப் பற்றி யோசிக்கலாம்.