என்.ஐ.டி. (தேசியத் தொழில்நுட்பக் கழகம்) சேர்க்கை: கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

குரோம்பேட்டை அப்பா: பையன் ராஜஸ்தானில் கோட்டா ஊருக்கு கோச்சிங் போனான், பிளஸ் டூவும் அங்கேயே எழுதினான். நாங்கள் மூன்று தலைமுறையாகச் சென்னைதான். திருச்சியில் சொந்த மாநில இடம் உண்டுதானே?

பதில்: இல்லை சார். ஆதார், ரேஷன் கார்டு, பூர்வீகம் எதையும் பார்க்க மாட்டார்கள். பிளஸ் டூ எழுதிய மாநிலம்தான் சொந்த மாநிலம். ஜோசா (ஐ.ஐ.டி., என்.ஐ.டி. இடங்களுக்கான மத்தியக் கலந்தாய்வு) கணக்கில் உங்கள் பையன் ராஜஸ்தான்காரன். அவனுக்கு ஜெய்ப்பூர் என்.ஐ.டி.தான் சொந்த ஊர். திருச்சிக்கு வெளிமாநில வரிசையில் நிற்க வேண்டும். இது என்.ஐ.டி.கள் ஆர்.இ.சி. (மண்டலப் பொறியியல் கல்லூரி) என்று இருந்த காலத்து ஏற்பாடு. மத்திய அரசும் மாநில அரசும் கூட்டாகப் பணம் போட்டு நடத்தியதால் பாதி இடம் உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு. திருச்சி 1964-இல் அப்படித்தான் தொடங்கியது. 2003-இல் என்.ஐ.டி. ஆகி முழுக்க மத்திய அரசிடம் போன பிறகும் பாதி இடம் நிலைத்துவிட்டது. ஐ.ஐ.டி.யில் இந்தப் பேச்சே கிடையாது. கோட்டாவுக்கு அனுப்பும் முன் யாராவது இதைச் சொல்லியிருக்கலாம்.

அம்பத்தூர் அம்மா: பி.சி. சான்று கையில் இருக்கு. போதுமா?

பதில்: போதாதும்மா. அது அண்ணா பல்கலைக் கலந்தாய்வுக்கு. இங்கே மத்திய அரசுப் படிவத்தில் ஓ.பி.சி. நான்-கிரீமி லேயர் (பிற்பட்டோரில் வசதியானவர் அல்ல என்ற) சான்று வேண்டும், அதுவும் இந்த ஆண்டு ஏப்ரல் 1-க்குப் பின் வாங்கியது. உங்கள் சாதி மத்தியப் பட்டியலில் இருக்கிறதா என்றும் பாருங்கள். நுழைவுத் தேர்வு ரேங்க் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். அப்போது தாசில்தார் ஆபீஸில் ஊரே நிற்கும்.

தாம்பரம் மாணவி: காரைக்கால் என்.ஐ.டி. நமக்குப் பக்கம்தானே?

பதில்: பஸ்ஸுக்குப் பக்கம். சொந்த மாநிலக் கணக்கில் அது புதுச்சேரி.

வேளச்சேரி மாணவன்: கிண்டி பொறியியல் கல்லூரியா (அண்ணா பல்கலை), திருச்சி என்.ஐ.டி.யா?

பதில்: எந்தப் பிரிவு என்று சொல்லாமல் கேட்டால் என்ன சொல்வது?

கிண்டி பழைய மாணவர்: 1794-இல் பிறந்த கல்லூரியை நேற்று வந்ததோடு ஒப்பிடலாமா!

பதில்: 1794-இல் பிறந்தது நில அளவைப் பள்ளி சார், பொறியியல் அப்புறம்தான்.

கிண்டி பழைய மாணவர்: வேர் அதுதானே?

பதில்: சரி, வேர் உங்களுடையது. வேலைக்கு வருகிற கம்பெனிகள் வேரைத் தோண்டிப் பார்ப்பதில்லை. கம்ப்யூட்டர் சயன்ஸ் கிண்டியில் கிடைத்து, திருச்சியில் மெட்டலர்ஜி (உலோகவியல்)தான் என்றால் நானே கிண்டி என்பேன்.

திருச்சி பழைய மாணவர்: மெட்டலர்ஜி என்ன மட்டமா?

பதில்: மட்டம் என்று யார் சொன்னது? பையனுக்குப் பிடிக்குமா என்பதுதான் கேள்வி. அவனைப் பேச விடுங்கள்.

பெரம்பூர் அப்பா: வருமானம் குறைவு, கட்டணச் சலுகை உண்டா?

பதில்: ஆண்டு வருமானம் 1 லட்சத்துக்குள் என்றால் டியூஷன் கட்டணம் முழுக்கத் தள்ளுபடி, 5 லட்சம் வரை மூன்றில் இரண்டு பங்கு. விடுதி, மெஸ் கட்டியாக வேண்டும்.

ஆவடி அண்ணன்: எம்.பி.சி. சான்று செல்லுமா?

பதில்: அம்பத்தூர் அம்மாவுக்குச் சொன்னதைப் படியுங்கள்.