கிணற்று நீரில் இருக்கும் நைட்ரேட்டை வினையூக்கியால் நீக்க முடியுமா?

முடியும். அதற்கு முன் ஒன்று: தயவுசெய்து கொதிக்க வைத்துப் பார்க்காதீர்கள். நைட்ரேட் ஆவியாகாது, தண்ணீர் வற்ற வற்ற அதன் செறிவுதான் கூடும். கைக்குழந்தைக்குப் பால்மாவு கலக்கும் வீட்டில் இது பெரிய ஆபத்து. ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் குழந்தையின் உடல் நீலம் பாரித்துவிடும். இந்தியக் குடிநீர்த் தரத்தில் வரம்பு லிட்டருக்கு 45 மில்லிகிராம்.

ஆர்.ஓ. நைட்ரேட்டை அழிப்பதில்லை, கழிவுநீரோடு வெளியே தள்ளுகிறது. வினையூக்கியோ, அதாவது தான் செலவாகாமல் வேதிவினையை விரைவுபடுத்தும் பொருளோ, அதை உடைத்தே விடும். 1989இல் ஜெர்மனியில் வோர்லோப், டாக்கே என்ற ஆய்வாளர்கள் காட்டிய வழி இது: பல்லேடியமும் செம்பும் நுண்துகள்களாகப் படிந்த பரப்பின் மேல் தண்ணீரையும் ஹைட்ரஜனையும் சேர வைப்பது. இரண்டு உலோகமும் ஒட்டி நிற்கும் இடத்தில் நைட்ரேட் ஓர் ஆக்சிஜனை இழந்து நைட்ரைட் ஆகிறது. அப்புறம் பல்லேடியம் மட்டும் போதும். நைட்ரைட் நைட்ரஜன் வாயுவாகிக் காற்றோடு போய்விடும்.

சிக்கல் என்னவென்றால், ஹைட்ரஜன் அதிகமானாலோ காரத்தன்மை ஏறினாலோ அம்மோனியா உண்டாகிறது. குடிநீரில் அதுவும் கூடாது. பல்லேடியம் விலையும் அதிகம், கந்தகச் சேர்மங்கள் பட்டால் செயலிழந்துவிடும். இப்போதைக்கு நீரைச் சோதித்துவிட்டு, குழந்தைக்கு மட்டுமாவது வேறு தண்ணீர் கொடுங்கள்.