இடம் பிடித்துவிட்ட பிள்ளை இன்னொரு தகுதிச்சுற்றிலும் ஓட்டலாமா?

கேள்வி: என் மகனுக்கு 13 வயது. மண் பாதையில் பைக் ஓட்டும் மோட்டோகிராஸ் பந்தயத்தில் 85 சிசி பிரிவில் ஓட்டுகிறான். முதல் தகுதிச்சுற்றிலேயே இறுதிப் போட்டிக்கு இடம் பிடித்துவிட்டான். ஆனால் பழகியதெல்லாம் எங்கள் ஊர் மணலில்தான், கெட்டித் தரை அவனுக்குப் புதுசு. அதனால் அடுத்த மாதம் கோவைப் பக்கம் நடக்கும் இரண்டாவது தகுதிச்சுற்றிலும் பெயர் கொடுக்கலாம் என்றிருக்கிறோம். விதியில் தடை இல்லை. ஆனால் மற்ற பெற்றோர், ‘உங்க பையனுக்குத்தான் கிடைச்சாச்சே, இன்னொரு பிள்ளை வயித்துல ஏன் அடிக்கிறீங்க’ என்கிறார்கள். தொண்டியில் இருக்கும் என் தங்கை மகனும் அதே சுற்றில் ஓட்டுகிறான். அவனுக்கு இன்னும் இடம் கிடைக்கவில்லை. இவன் கூட ஓடினால் மச்சானுக்கு வழிவிட்டு உதவலாமே என்று வீட்டில் பேச்சு. இன்னொரு சங்கதி: மருமகனின் பைக் கைமாறி வந்தது. மெக்கானிக், ‘முன்னாடி வச்சிருந்தவங்க பெரிய பிஸ்டன் போட்டிருக்காங்க, யாரும் கழட்டிப் பார்க்க மாட்டாங்க’ என்கிறார். என்ன செய்வது?
- உச்சிப்புளி வாசகர்

பதில்: பெயர் கொடுக்காதீர்கள். அந்தப் பெற்றோர் கேட்டது பொறாமையில் அல்ல. அவர்கள் பக்கம் கணக்கு இருக்கிறது.

ஏற்கெனவே இடம் பிடித்தவன் மறுபடியும் முன்னால் வந்தால் அந்த இடம் என்ன ஆகும் என்பதில் போட்டிக்குப் போட்டி வழக்கம் மாறும். சிலவற்றில் அடுத்து வந்தவனுக்கு இறங்கும். சிலவற்றில் இறங்காமல் வீணாகிவிடும். உங்கள் விதித்தாளில் தடை இருக்கிறதா என்று பார்த்திருக்கிறீர்கள். இடம் கீழே இறங்குமா என்று பார்த்தீர்களா? எழுதியில்லை என்றால் நடத்துபவரிடம் ஒரே வரியில் எழுத்தில் கேளுங்கள்.

இறங்கும் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் கெடுதல் தீராது. காரணம், பெரும்பாலும் இரண்டு ரேஸ் ஓட்டிப் புள்ளிகளைக் கூட்டுகிறார்கள். உலகப் போட்டிகளில் உள்ள 25, 22, 20, 18, 16, 15 என்ற வரிசையையே எடுத்துக்கொள்ளுங்கள். இருப்பது மூன்று இடம் என்று வைத்துக்கொள்வோம். மூன்றாவதற்குப் பாம்பன் பையனும் கமுதிப் பையனும் முட்டிக்கொள்கிறார்கள். உங்கள் மகன் ஓட்டாவிட்டால், முதல் ரேஸில் கமுதி இரண்டாவது (22), பாம்பன் மூன்றாவது (20). அடுத்த ரேஸில் பாம்பன் நான்காவது (18), கமுதி ஆறாவது (15). மொத்தம் பாம்பனுக்கு 38, கமுதிக்கு 37. பாம்பன் பையன் உள்ளே.

இப்போது உங்கள் மகனும் கேட்டில், அதாவது எல்லா பைக்கும் வரிசையாக நின்று கிளம்பும் தடுப்பில், நிற்கிறான். முதல் ரேஸில் இருவருக்கும் நடுவே மூன்றாவதாக வருகிறான். பாம்பன் பையன் நான்காவதாகி 18 வாங்குகிறான். அடுத்த ரேஸில் உங்கள் மகன் முதல் வளைவிலேயே விழுந்து கடைசியில் வருகிறான், யாருடைய வரிசையும் மாறவில்லை. கூட்டிப் பாருங்கள்: கமுதி 37, பாம்பன் 36. உங்கள் மகன் பெயரைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டாலும் அந்தப் புள்ளி திரும்பி வராது. பயிற்சிக்காக வந்த பிள்ளை யாரையும் இடிக்காமல், ஒரு தப்பும் செய்யாமல், இரண்டு வீட்டின் ஒரு வருட உழைப்பை இடம் மாற்றிவிட்டான். புள்ளிகளை ரேஸ் ரேஸாகத் திரும்பக் கணக்கிடும் விதி இருந்தால்தான் இது சரியாகும். அதையும் சேர்த்தே கேளுங்கள்.

கேட்டிலும் இதே கதைதான். ரேஸுக்கு முன் எடுக்கும் நேரக்கணக்கில் முந்தியவன், எங்கே நிற்பது என்று முதலில் கேட் தேர்வு செய்வான். நல்ல வேகக்காரன் வளைவுக்கு உள்பக்கம் நல்ல கேட்டாகப் பார்த்து எடுத்துக்கொள்வான். அது தேவைப்பட்ட பிள்ளை வெளிப்பக்கம் ஒதுங்க வேண்டியதுதான்.

மச்சானுக்கு வழிவிடும் பேச்சை வீட்டில் இன்றே நிறுத்துங்கள். மகன் நேர்ப்பாதையில் ஆக்சிலரேட்டரைத் தளர்த்தி மச்சானை விட்டு, பின்னால் வருபவனுக்கு முன்னால் தன் தடத்தை மாற்றி மறித்தால், அது தொண்டிப் பையனுக்குச் செய்த உதவி மட்டும் இல்லை. பின்னால் வந்தவனிடமிருந்து பிடுங்கியதும்கூட. ஒரு சுற்று முழுக்க வேகமாக வந்தவன் ஒரே இடத்தில் மட்டும் தளர்வதை, டிராக் ஓரம் நின்று கண்காணிக்கும் மார்ஷல் கண்டுபிடிப்பது கடினமே இல்லை. நிரூபணமானால் இரண்டு பேர் முடிவும் போகலாம். நீலக் கொடி ஆட்டினால் ஒரு சுற்று முந்தி வருபவனுக்கு வழிவிட வேண்டும், அது யாராக இருந்தாலும். மஞ்சள் ஆட்டினால் குதிக்கக் கூடாது, முந்தக் கூடாது. இவை தவிர, கேட் விழுந்த பிறகு உறவு பார்க்க ஓர் அங்குலம் இடம் கிடையாது. பெருந்தன்மை காட்டுவதென்றால் பெயர் பதிவு மேசையில் காட்டலாம், பெயர் கொடுக்காமல்.

கெட்டித் தரை பழக வேண்டும் என்ற உங்கள் தேவை நியாயமானது. அதற்குத் தகுதிச்சுற்றுதான் வேண்டும் என்பதில்லை. அதே டிராக்கில் வேறு நாளில் பயிற்சிக்கு விடுகிறார்களா, தகுதியோடு சம்பந்தமில்லாத பிரிவு ஏதாவது வைத்திருக்கிறார்களா என்று விசாரியுங்கள். இல்லையென்றால் கமுதி, முதுகுளத்தூர் பக்கம் தரிசாகக் கிடக்கும் புஞ்சையில், பட்டாதாரரிடம் கேட்டுக்கொண்டு, ஒரு சிறு வளையம் போடுங்கள். கரிசல் காய்ந்து வெடித்திருக்கும் இடத்தைத் தவிருங்கள், முன்சக்கரம் வெடிப்புக்குள் இறங்கினால் பிள்ளை தலைகுப்புற விழுவான். கருவை வெட்டிய அடிக்கட்டையும் முள்ளும் கிடக்கும், முதலில் ஒருநாள் பொறுக்கிவிடுங்கள். பைக்கைக் குட்டியானையில் ஏற்றிக் கொண்டுபோங்கள். 13 வயதுப் பிள்ளை அதைச் சாலையில் ஓட்டிப் பிடிபட்டால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 199ஏ பிரிவில் உங்களுக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டு வரை சிறையும் உண்டு. அவனுக்கு 25 வயது வரை லைசென்ஸும் கிடைக்காது.

மணலில் பழகிய பிள்ளைகள் கெட்டித் தரையில் சொல்லிவைத்தாற்போல் ஒரே இடத்தில் தவறுவார்கள். மணலில் ஆக்சிலரேட்டரை மூடினாலே மணல் பைக்கைப் பிடித்து நிறுத்தும், பிரேக் பாதி வேலைதான் செய்யும். கெட்டித் தரை அப்படிப் பிடிக்காது. பிள்ளை பழக்கத்தில் தாமதமாக பிரேக் பிடித்து வளைவைத் தாண்டிப் போய்விடுவான். வளைவுக்கு முன் மூன்று குச்சி நட்டு, முதலில் தூரத்துக் குச்சியில் பிரேக் பிடிக்கச் சொல்லுங்கள். ஒவ்வொன்றாக நெருங்கி வரட்டும். உடம்பின் பாரமும் மாற வேண்டும். மணலில் பின்னால் சாய்ந்து ஓட்டியவன், இங்கே வளைவில் டேங்கை ஒட்டி முன்னால் உட்கார வேண்டும். இல்லையென்றால் முன்சக்கரம் வழுக்கும்.

பைக்கில் மூன்று மாற்றம் போதும். மணலுக்கு டயரில் காற்றழுத்தம் 10, 11 பிஎஸ்ஐ வைத்திருந்தால் 13க்கு ஏற்றுங்கள். ரப்பர் கட்டைகள் தள்ளித்தள்ளி உயரமாக நிற்கும் மணல் டயர் கெட்டித் தரையில் வளைந்து, அடியில் கிழியும். நெருக்கமான கட்டை உள்ள டயர் போடுங்கள். முன்சக்கர ஃபோர்க் அமுங்கும் இறுக்கத்தை (கம்ப்ரெஷன்) மணலுக்காகக் கூட்டியிருந்தால் கையேட்டு அளவுக்குத் திருப்புங்கள். கிளம்புமுன் ஏர் ஃபில்டர் ஸ்பான்ஜைக் கழற்றிக் கழுவி, காய்ந்தபின் ஃபில்டர் எண்ணெய் தடவி, உட்காரும் விளிம்பில் கிரீஸ் பூசி மாட்டுங்கள். நம் கடற்கரைப் பொடிமணல் விளிம்பு வழியாகத்தான் உள்ளே போய் பிஸ்டன் ரிங்கைத் தின்கிறது.

இனி மருமகன் பைக். யாரும் கழற்றிப் பார்க்க மாட்டார்கள் என்பது ஒரு பதிலே இல்லை. மெக்கானிக் சொல்வது உண்மையா என்று முதலில் நீங்களே அளந்துவிடுங்கள், அரை நாள் வேலை. கூலண்டை வடித்து, டேங்க், பிளக், சிலிண்டர் ஹெட் கழற்றுங்கள். சிலிண்டர் வாயில் வெர்னியர் வைத்துக் குறுக்கும் நெடுக்குமாக மில்லிமீட்டரில் இரண்டு அளவு எடுங்கள், அந்த உள்விட்டம்தான் போர். பிஸ்டனை அடிவரை இறக்கி ஆழம், மேல்வரை ஏற்றி ஆழம், இரண்டின் வித்தியாசம் ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம். போரை போரால் பெருக்கி, ஸ்ட்ரோக்கால் பெருக்கி, 0.7854ஆல் பெருக்கி, 1000ஆல் வகுத்தால் சிசி வரும். கேடிஎம் 85 என்றால் போர் 47 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 48.95, விடை 84.9. யமஹா ஒய்இசட்85 என்றால் 47.5, 47.8, விடை 84.7. அதே கேடிஎம்மில் போர் 52 என்று வந்தால் 104 சிசி. பார்வைக்கு அரை சென்டிமீட்டர்தான், ஆனால் சக பிள்ளைகளைவிட ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் பெரிய எஞ்சின். திரும்ப மூடும்போது ஹெட் கேஸ்கெட் அல்லது ஓ-ரிங் புதியது போடுங்கள். பழையதை மாட்டினால் கூலண்ட் உள்ளே கசியும்.

பெரிது என்று தெரிந்தால் சரியான சிலிண்டரும் பிஸ்டனும் சேர்த்து மாற்றுங்கள். சிலிண்டர் பெரிதாக இருக்கப் பிஸ்டனை மட்டும் சிறிதாக்க முடியாது. பாகம் நேரத்துக்கு வராவிட்டால் பெரிய சிசி பிரிவில் வயது அனுமதிக்கிறதா என்று கேளுங்கள், அல்லது சரியான பைக் இரவல் வாங்குங்கள். பந்தயத்துக்கு முன் பைக்கைச் சோதிக்கும் ஸ்க்ரூட்டினி மேசைக்கு அந்த பைக்கைத் தள்ளிக்கொண்டு போகக் கூடாது. மருமகனிடமும் மறைக்காமல் அளவைக் காட்டிச் சொல்லுங்கள். தன் பைக் ஏன் அப்படி இழுத்தது என்று தெரிந்துகொள்ளும் வயதுதான் அவனுக்கு.

அதே கண்டிப்பு மற்றவர் மேலும் உங்களுக்கு வரலாம். எந்தப் பிள்ளையின் வயதிலோ எஞ்சினிலோ சந்தேகம் இருந்தால் பைக்குகளைத் தயார் செய்யும் பிட்டில் நின்று கத்தாதீர்கள், அந்தப் பிள்ளையிடம் போய்க் கேட்கவே கேட்காதீர்கள். எந்த விதி, என்ன மீறல் என்று தாளில் எழுதி, கட்டணம் கட்டி, விதித்தாளில் சொன்ன நேரத்துக்குள் கொடுங்கள். பெரும்பாலும் முடிவு ஒட்டியதிலிருந்து அரை மணி நேரம்தான் கெடு.

கடைசியாக, உங்கள் மகனின் இடம் பற்றி. அமெரிக்காவில் டென்னசி மாநிலத்தில் 1982 முதல் பாடகி லொரெட்டா லின் பண்ணையில் நடக்கும் அமெச்சூர் இறுதிப் போட்டிக்குப் பகுதிச் சுற்று, மண்டலச் சுற்று என்று வடிகட்டி ஒரு பிரிவுக்கு 42 பேரை எடுக்கிறார்கள். வராதவர் இடத்துக்கு மாற்று வீரர்களும் வரிசையில் இருப்பார்கள். உங்கள் போட்டியிலும் அப்படி யாராவது காத்திருக்கலாம். பள்ளித் தேர்வோ, காயமோ, செலவோ, எதனாலாவது மகனால் போக முடியாது என்று தெரிந்தால் அன்றைக்கே நடத்துபவருக்கு எழுதிவிடுங்கள். வண்டி பேசி, பைக்கைத் தயார் செய்து, பள்ளியில் விடுப்புச் சொல்லிக் கிளம்ப அந்த வீட்டுக்குப் பத்து நாளாவது வேண்டும்.