படகில் அளவுக்கு மீறிய கூட்டம்: யாரிடம் முறையிடுவது?

வணக்கம். தாங்கள் நாள்தோறும் செல்லும் படகில் அனுமதித்த எண்ணிக்கைக்கு மேல் ஆட்களை ஏற்றுவதாகவும், படகையும் அதன் இணைப்பு ரயிலையும் அரசே நடத்துவதால் முறையிட்டுப் பயனுண்டா என்றும் கேட்டிருந்தீர்கள். பயனுண்டு, ஆனால் படகை இயக்கும் அலுவலகத்துக்கு மட்டும் எழுதி நிறுத்திக்கொள்ளாதீர்கள்.

இயக்குபவரும் கண்காணிப்பவரும் ஒரே தரப்பாக இருப்பதுதான் பெரிய ஆபத்து. 2014இல் தென்கொரியாவின் சேவோல் கப்பல் கவிழ்ந்து 304 பேர் மாண்டபோது, சரக்கேற்றத்தைச் சரிபார்க்கும் பொறுப்பு கப்பல் நிறுவனங்களின் சங்கத்திடமே இருந்ததும், அனுமதித்ததைப்போல் இரு மடங்குக்கும் அதிகமான சரக்கு ஏற்றப்பட்டிருந்ததும் வெளிவந்தன. இதற்கு மாறாக, இந்தியாவில் ரயில் பாதுகாப்பு ஆணையம் ரயில்வே அமைச்சகத்தின்கீழ் இல்லாமல் விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின்கீழ் இயங்குகிறது. புதிய பாதையில் பயணிகள் ரயில் ஓடுவதற்கு முன் ஆணையர் நேரில் சோதிக்கிறார். இந்தப் பிரிவினையை நான் மிகவும் மதிக்கிறேன்.

ஆகவே, தங்கள் படகுக்குத் தகுதிச் சான்று வழங்கிய அதிகாரி யார் என்று முதலில் பாருங்கள். அனுமதித்த பயணிகள் எண்ணிக்கை பெரும்பாலும் படகிலேயே எழுதப்பட்டிருக்கும். அதைப் படமெடுங்கள். பக்கவாட்டில் தீட்டிய பளுக்கோடு (படகு இதற்குமேல் நீரில் அமிழக்கூடாது என்று காட்டும் கோடு) நீருக்குள் மறைந்திருந்தால், கரையில் பாதுகாப்பாக நின்று அதையும் எடுங்கள். தேதி, புறப்பட்ட நேரம், படகின் பதிவெண் ஆகியவற்றோடு அந்த அதிகாரிக்கே எழுதி, ஒப்புகை பெற்றுக்கொள்ளுங்கள். "கூட்டம் தாங்க முடியவில்லை" என்ற புலம்பலைவிட, "அனுமதி 60, நான் எண்ணியது 94" என்ற ஒரு வரிக்கு வலிமை அதிகம். இணைப்பு ரயில் தவறுவது தனிப் புகார். அதை இதோடு கலக்க வேண்டாம்.