காணி உறுதியை ஈடு வைக்காதீர்கள், பிள்ளையை ஆராய்ச்சி வேலைக்கு விடுங்கள்

உப்புவெளியில் இருந்து ஒரு தகப்பன் கேட்டிருக்கிறார். மகள் கோணேசபுரியில் இருக்கும் திருகோணமலை வளாகத்தில் முகாமைத்துவம் படித்து முடித்துவிட்டாள். இப்போது ஒரு ஆய்வுத் திட்டத்தில் ஆராய்ச்சி உதவியாளராகச் சேரக் கூப்பிட்டிருக்கிறார்கள். சமூகத் தொழில்முயற்சிகளுக்கு, அதாவது ஊர்ச் சனத்தின் நன்மைக்காக நடத்தும் தொழில்களுக்கு, காசு எங்கிருந்து வருகிறது, வந்த காசு என்ன ஆகிறது என்பதுதான் ஆய்வு. பிள்ளைக்குப் போக ஆசை. லண்டன் சித்தப்பாவோ, "கொன்ட்ராக்ட் வேலையெல்லாம் ஒரு வேலையா, இங்கே அனுப்புங்கோ, ஒரு வருசத்தில் மாஸ்டர்ஸ் முடிக்கலாம்" என்கிறாராம். தகப்பன் காணியை ஈடு வைக்கத் தயாராகிவிட்டார்.

அண்ணா, உங்கள் பயம் விளங்குகிறது. ஆனால் உங்களைத் தேற்றுவதற்காக இதை எழுதவில்லை. அந்தக் காணியைத் தொடாதீர்கள்.

சித்தப்பா சொன்னது கல்லூரிக் கட்டணம் மட்டும்தான். மாணவ விசாவுக்கு விண்ணப்பிக்கும்போதே வருசத்துக்கு 776 பவுண்ட்ஸ் சுகாதாரக் கட்டணம், அதுவும் விசாக் காலம் முழுவதற்கும் சேர்த்து, கட்ட வேண்டும். வாழ்க்கைச் செலவுக்கான காசு 28 நாள் வங்கியில் அசையாமல் கிடக்க வேண்டும். கலியாணம் செய்து மாப்பிள்ளையோடு அனுப்பலாம் என்ற கணக்கும் சரிவராது, 2024 ஜனவரிக்குப் பிறகு இந்த மாதிரி மாஸ்டர்ஸ் படிப்புக்குத் துணையைக் கூட்டிப்போக விடுவதில்லை. படிப்பு முடிந்தபின் தங்கி வேலை தேடும் விசாவும், 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு இரண்டு வருசம் இல்லை, 18 மாதம். அதற்குள் நிரந்தர வேலை கிடைக்காவிட்டால் கடனைக் கட்டுவது யார்? சித்தப்பா இல்லை.

அரச நியமனம், வங்கி வேலை, சி.ஐ.எம்.ஏ. கணக்கியல் படிப்பு பற்றியெல்லாம் ஊரில் எல்லோருக்கும் தெரியும், விடுகிறேன். இந்த ஆராய்ச்சி வேலை என்னவென்றுதான் யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை.

மூதூரில் பத்துப் பெண்கள் சேர்ந்து மிளகாய்த்தூள், அரிசிமா பொதி செய்து விற்கிறார்கள் என்று வையுங்கள். அரைக்கும் மெஷின் ஒரு தொண்டு நிறுவனம் கொடுத்தது, முதல் கொஞ்சம் சங்கச் சேமிப்பு, மிச்சம் கிழமைக்குக் கிழமை கட்டும் நுண்கடன். எல்லாம் ஒரே சி.ஆர். கொப்பியில் எழுதியிருக்கும். உங்கள் மகள் அந்தக் கொப்பியை முன்னால் வைத்துக்கொண்டு, இது மானியம், இது விற்ற காசு, இது கடன் என்று பிரித்து எடுப்பாள். பிரித்தபின்தான் தெரியும், லாபம் என்று அவர்கள் நினைத்திருந்தது உண்மையில் மானியத்தின் மிச்சம் என்று. திட்டம் முடிந்து தொண்டு நிறுவனம் போன பிறகு அந்தக் குழு நிற்குமா விழுமா என்பது அந்த ஒரு கணக்கில் இருக்கிறது.

அப்புறம் சட்டம். இலங்கையில் சமூகத் தொழில்முயற்சிக்கென்று தனிச் சட்ட வடிவம் கிடையாது. கூட்டுறவுச் சங்கமாகவோ, 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழோ, வேறு ஏதோ ஒரு வழியிலோதான் பதிய வேண்டும். பங்குகள் இல்லாத, உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட கம்பனியாகப் பதிந்தால் மானியம் கேட்கலாம், ஆனால் பங்கு விற்று முதலீடு எடுக்க முடியாது. வங்கிக்குப் போனால் காணி உறுதி கேட்பார்கள், இடம்பெயர்ந்த குடும்பங்களில் எத்தனை பேரிடம் உறுதி இருக்கிறது? கடைசியில் கிழமைக் கடன்தான். அது எங்கே கொண்டுபோய் விட்டது என்று நம் மாவட்டத்துப் பெண்களுக்குத் தெரியும். 2018இல் வரட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு இலட்சம் ரூபாய்க்குட்பட்ட நுண்கடனை அரசாங்கமே ரத்துச் செய்யவேண்டி வந்தது, திருகோணமலையும் அதில் ஒன்று. இதைப் படிப்பது சின்ன வேலை இல்லை அண்ணா.

மூதூர், கிண்ணியாவில் தமிழில் பேசி, கந்தளாய், சேருவில பக்கம் சிங்களத்தில் பேசி, அதை எழுத்தாக்கி, எண்களைக் கணினியில் போட்டு, அறிக்கை எழுதுவாள். இதையே எம்.பில். என்ற ஆய்வுப் பட்டத்துக்கான பதிவோடு சேர்த்துச் செய்தால் பட்டமும் வரும். பிரித்தானியாவில் படிக்கப் பொதுநலவாய நாடுகளின் புலமைப்பரிசில் இருக்கிறது, அது கட்டணம், விமானச் சீட்டு, மாதச் செலவு எல்லாம் கொடுக்கிறது. அதற்கு விண்ணப்பிக்கும்போது கைவசம் இப்படி ஒரு வேலை இருந்தால் சொல்ல நிறைய இருக்கும். லண்டனுக்குப் போகத்தான் வேண்டுமென்றால் அந்த வழியில் போகட்டும்.

அந்தப் பிள்ளை கடைசி வருசத்து ஆய்வுக்கு, யாரும் சொல்லாமலே, ஒரு மாதர் சங்கத்தின் கணக்கை எடுத்துக்கொண்டாள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இதைவிட வேறு என்ன அறிகுறி வேண்டும்?

ஆனால் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்து வைக்க விடாதீர்கள். நியமனக் கடிதத்தை நீங்களும் வாசியுங்கள். எத்தனை மாதம், சம்பளம் எந்த நிதியில் இருந்து, நிதி முடிந்தால் என்ன, எம்.பில். பதியலாமா, களத்துக்குப் போகும் பஸ் காசும் சாப்பாடும் யார் பொறுப்பு, வெளியாகும் கட்டுரையில் அவள் பெயர் வருமா. சம்பளமா, வெறும் கொடுப்பனவா என்றும் கேளுங்கள்; சம்பளம் என்றால் ஊழியர் சேமலாப நிதிக்கு (ஈ.பி.எஃப்.) அவளிடம் 8 வீதம், அவர்கள் பக்கம் 12 வீதம் போகவேண்டும். ஒரு வருசத்துக்குக் குறைந்த ஒப்பந்தம் என்றால், நீடிப்பார்களா என்பதை எழுத்தில் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். வாய்ச்சொல் போதாது. கேள்விகளை அவளே கேட்கட்டும், நீங்கள் பேராசிரியரிடம் போய் நிற்க வேண்டாம். பதில் வந்ததும் கடிதத்தின் பிரதியை எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.