நிலா இல்லாத ஊரில் மாதம்

கேள்வி: நாவலுக்காக ஒரு கற்பனை உலகம் உருவாக்குகிறேன். அங்கே நிலா கிடையாது. 40 நாள் கொண்ட 10 மாதங்கள், ஆண்டுக்குச் சரியாக 400 நாள். வாசகர் நம்புவாரா?

பதில்: நிலா கிடையாது என்று எழுதிய கையோடு மாதம் என்றும் எழுதிவிட்டீர்களே! தமிழில் நிலாவும் திங்கள், மாதமும் திங்கள். தேய்ந்து வளர்ந்து மறுபடி முழுநிலவாக ஏறக்குறைய 29½ நாள் ஆகிறது. அதை எண்ணியதில் பிறந்ததுதான் மாதம். நிலாவையே பார்க்காதவர்களுக்கு அது எப்படித் தோன்றும்? அவர்களுக்கு ஆறு பெருகும் காலம் இருக்கும், பறவை திரும்பும் காலம் இருக்கும், சந்தை கூடும் நாள் இருக்கும். ரோமானியர்களின் சந்தைச் சுற்று எட்டு நாள்; அதற்கு நிலா தேவைப்படவில்லை. உங்கள் 40 நாளுக்கும் அப்படி ஒரு காரணம் தேடுங்கள்.

அப்புறம் அந்தச் 'சரியாக'. இதற்காக நான் பல எழுத்தாளர்களோடு சண்டை போட்டிருக்கிறேன், இன்னும் போடுவேன். வானம் யாருக்கும் மீதியில்லாமல் வகுபடாது. நம் ஆண்டே 365 நாளும் கிட்டத்தட்ட ஆறு மணி நேரமும். பழைய எகிப்தியர் அந்த ஆறு மணியைக் கணக்கில் சேர்க்காமல் 365-ஓடு நிறுத்தினார்கள். நாலு ஆண்டுக்கு ஒரு நாள் பிசகு, 120 ஆண்டில் ஒரு மாதம். சில நூற்றாண்டுகள் போனதும் நாட்காட்டியில் வெள்ளப் பருவம், நைல் நதியிலோ தண்ணீர் வற்றிக் கிடந்தது. எவ்வளவு அழகான கதை இது!

மீதி இருந்தால் அதைக் கூட்டிக் கழிக்க ஓர் ஆள் வேண்டும். ரோமில் கூடுதல் மாதம் சேர்ப்பது குருமார் கையில் இருந்தது. வேண்டியவர் பதவியில் இருந்தால் ஆண்டு நீளும், வேண்டாதவர் என்றால் சுருங்கும். அதற்குள் உள்நாட்டுப் போரும் வந்து கணக்கு அடியோடு குழம்ப, ஜூலியஸ் சீசர் கி.மு. 46-ஆம் ஆண்டை 445 நாளாக நீட்டித்தான் பருவத்தோடு பொருத்த முடிந்தது. நாட்காட்டி வெறும் கணக்கு என்பவர்களிடம் இதைத்தான் ஓயாமல் சொல்லி வருகிறேன்: பதவியும் வரியும் கடன் தவணையும் அதற்குள்தான் இருக்கின்றன.

அதனால் ஆண்டை 400 நாளும் ஒரு கால் நாளும் என்று வையுங்கள். அந்தக் கால் நாளை எப்போது சேர்ப்பது என்று முடிவு செய்பவர் யார், அவருக்கு யாரிடம் கடன் என்று எழுதத் தொடங்குங்கள். எழுதியதும் எனக்கு அனுப்புங்கள், முதல் ஆளாகப் படிக்கிறேன்.