வீட்டை விற்பதற்கு முன்

கேள்வி: என் மகனுக்கு 17 வயது. இரண்டு வருடமாக நடை தள்ளாடுகிறது, கையெழுத்தும் குலைந்துவிட்டது. மரபணுப் பரிசோதனையில் ஃபிரீட்ரைக் அட்டாக்சியா என்று உறுதியாகிவிட்டது. வெளிநாட்டுத் தொண்டு அமைப்பு ஒன்று இதற்கு மருந்து கண்டுபிடித்துவிட்டதாகக் கனடாவில் இருக்கும் தம்பி சொல்கிறான். வேறோர் இடத்தில் முன்பணம் கட்டினால் ஸ்டெம் செல் ஊசி போடுவதாகச் சொல்கிறார்கள். வீட்டை விற்கலாமா? நானும் கணவரும் சொந்த மச்சான், மச்சாள். அதனால்தான் வந்ததா?
- ஒரு தாய், வெள்ளவத்தை

பதில்: வீட்டை விற்காதீர்கள். ஸ்டெம் செல் ஊசி இந்நோயைக் குணமாக்கும் என்பதற்குச் சான்று இல்லை. ஒழுங்கான மருந்துச் சோதனையில் சேர்பவரிடம் மருந்துக்குக் காசு வாங்குவதும் இல்லை. முன்பணம் கேட்கும் இடத்தை விட்டு விலகுங்கள்.

தம்பி சொன்னதில் பாதி உண்மை. இந்நோய்க்குக் காரணமான மரபணு 1996இல் தெரியவந்தது. அதன் டி.என்.ஏ.யில் மூன்றெழுத்துத் துண்டு ஒன்று நூற்றுக்கணக்கான தடவை திரும்பத் திரும்ப வருவதால் ஃபிராடாக்சின் என்ற புரதம் குறைந்து, நரம்பும் இதயமும் சக்தியின்றி நலிகின்றன. 1998இல், மகனுக்கு இந்நோய் என்று அறிந்த அமெரிக்கப் பெற்றோர் 'ஃபாரா' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். உங்களைப் போன்ற ஒரு தாயும் தகப்பனும்தான். திரட்டிய நன்கொடையை ஆய்வுகூடங்களுக்குக் கொடுத்தார்கள். அதைவிடப் பெரிய வேலை ஒன்றும் அவர்களின் உதவியோடு நடந்தது: மருந்தே இல்லாத காலத்தில், நூற்றுக்கணக்கான நோயாளர்களின் நடையையும் பேச்சையும் ஆய்வாளர்கள் ஆண்டுதோறும் அளந்து குறித்து வைத்தார்கள். நோய் தன் போக்கில் எவ்வளவு வேகமாக முற்றும் என்று தெரியாவிட்டால், மருந்து அதை மெதுவாக்கியதா என்று எப்படிச் சொல்வது?

மருந்தின் பெயர் ஒமாவெலொக்சோலோன். கம்பனி ஒன்று நடத்திய 48 வாரச் சோதனையில், அமெரிக்கா, ஐரோப்பா, அவுஸ்திரேலியா எல்லாம் சேர்த்து 103 பேரே பங்குபற்றினார்கள். அந்தப் பழைய அளவீடுகளும் கைகொடுக்க, 2023 பெப்ரவரியில் அமெரிக்கா இதை 16 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு அனுமதித்தது. நோய் முற்றுவதை இது மெதுவாக்குகிறது, குணமாக்குவதில்லை. ஈரலைப் பாதிக்கலாம் என்பதால் அடிக்கடி இரத்தப் பரிசோதனை வேண்டும். 2023இல் அமெரிக்காவில் வந்தபோது ஒரு வருடத்துக்கான விலை ஏறத்தாழ 370,000 டொலர். வீட்டை விற்றாலும் எத்தனை மாதத்துக்குக் காணும்? விலையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

காசில்லாமல் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஃபாராவின் உலக நோயாளர் பதிவேட்டில் மகனின் பெயரைச் சேர்த்துவிடுங்கள். இங்கிருந்தே சேரலாம். புதிய சோதனைகளுக்கு ஆள் தேடும்போது முதலில் அங்குதான் பார்ப்பார்கள். இதயத்துக்கான மரபணுச் சிகிச்சை ஒன்றும் சோதனையில் இருக்கிறது.

சொந்தத்தில் மணம் முடித்ததற்காக உங்களை நீங்களே வதைக்காதீர்கள். இருவரிடமும் அந்த மரபணுவின் பழுதான பிரதி ஒவ்வொன்று இருந்து, இரண்டும் மகனுக்குப் போயிருக்கின்றன. சொந்தத்தில் அதற்கான வாய்ப்புக் கூடும் என்பது சரி, ஆனால் அந்நியரை மணந்தவர்களுக்கும் இது வருகிறது. வேறு பிள்ளைகள் இருந்தால் ஒவ்வொருவருக்கும் நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தின் மனித மரபியல் பிரிவில் ஆலோசனை கேளுங்கள்.

கடிதத்தில் இதயத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லை. எனக்குக் கவலை தருவது அதுதான். இந்நோயில் உயிருக்கு ஆபத்து பெரும்பாலும் நடையால் அல்ல, இதயத்தால் வருகிறது. நீரிழிவும் வரலாம், முதுகெலும்பும் வளையலாம். ஈ.சி.ஜி.யும் எக்கோவும் இன்னும் எடுக்கவில்லை என்றால், இந்த வாரமே நரம்பியல் கிளினிக்கில் துண்டு வாங்கி எடுத்துவிடுங்கள்.